தட்டேக்காடு காலை நடை: தீக்காக்கை பார்க்க வழிகாட்டி தேவையா?

தேவை. முதல் தடவை போகிறவர் வழிகாட்டிக்கான காசை மிச்சம் பிடித்தால், தீக்காக்கை (Malabar trogon என்ற காட்டுப் பறவை) தலைக்கு மேலேயே இருக்க, பார்க்காமல் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கோதமங்கலத்தைத் தாண்டி, பெரியாற்றங்கரையில் இருக்கிறது தட்டேக்காடு பறவைச் சரணாலயம். பறவையியலாளர் சாலிம் அலியின் பரிந்துரையில் 1983இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 25 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் தாழ்நிலக் காடு, உள்ளே பத்தடிக்கு அப்பால் பார்வை போகாத இடங்கள் நிறைய.

தீக்காக்கை வாலோடு சேர்த்து 31 செ.மீ. இருக்கும். ஆணுக்குக் கருந்தலை, மார்பில் வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே பளீர்ச் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாததற்குக் காரணம் அது உட்காரும் விதம். நடுமட்டக் கிளையில் நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல் இருக்கும். ஆள் நெருங்கினால் சிவப்பை மறைத்து முதுகைக் காட்டிவிடும். முதுகு சருகு நிறம். பெட்டையிடம் சிவப்பே கிடையாது, வயிறு மங்கலான காவி. பக்கத்திலேயே இருந்தாலும் தப்பிவிடும்.

ஆக, நாம் காசு கொடுப்பது வழிகாட்டியின் காதுக்கு. கரகரப்பும் மென்மையும் கலந்த 'க்யாவ், க்யாவ்' குரல் கேட்டதும் நல்ல வழிகாட்டி குழுவை அப்படியே நிறுத்துவார். குரல் வந்த திசையில் உச்சியை விட்டுவிட்டு, நடுமட்டத்துக் கொடிகளையும் வெறுங்கிளைகளையும் தேடச் சொல்வார். துடுப்புவால் கரிச்சான் என்ற பறவையோடு பல இனப் பறவைகள் கலந்த கூட்டம் பூச்சி வேட்டைக்கு வந்தால் அங்கேயே காத்திருக்க வைப்பார். தீக்காக்கையும் அதில் சேர்ந்து வருவதுண்டு.

எல்லாரும் அப்படியில்லை. செல்போனில் பதிவுக்குரலைத் திரும்பத் திரும்பப் போடும் ஆட்களும் உண்டு. தன் எல்லையைக் காக்கும் பறவை இது, எதிரி வந்துவிட்டதென்று நினைத்து வெளியே வரும், படம் கிடைக்கும். ஆனால் பிப்ரவரி முதல் மே வரை கூடுகட்டும் காலம், அந்த நேரத்தில் இது சுத்தமாகக் கூடாது. வழிகாட்டியிடம் கூலி பேசி முடிக்கும்போதே 'குரல் போட வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். குழுவில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நாலு பேருக்கு மேல் போனால் ஒற்றையடிப் பாதையில் பின்னால் வருபவர்களுக்குக் கிளை மட்டும்தான் மிஞ்சும்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். 10x42இல் உருவம் பெரிதாகத் தெரியும், ஆனால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.யிலிருந்து 4.2ஆகச் சுருங்கிவிடும், விடியற்காலை நிழலில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காட்டுக்குள் நுழைந்ததும் பதினைந்து மீட்டரிலுள்ள ஒரு மரத்தில் ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். பறவை பறந்தபிறகு சக்கரத்தைத் திருகி என்ன பயன்?

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். மழைக்காலத்தில் அட்டை ஏறும், அட்டைக்காலுறை இல்லாமல் போகாதீர்கள். மழைச் சத்தத்தில் குரலும் கேட்காது.

தீக்காக்கை கிடைக்காத காலையிலும் தவளைவாயன் பெரும்பாலும் கிடைத்துவிடும். பகலில் ஜோடியாக ஒரே கிளையில் நாள்கணக்கில் தூங்கும் பறவை என்பதால், வழிகாட்டிகளுக்கு இடம் அத்துப்படி.

வழிகாட்டியை முழுநாளுக்கு அமர்த்தாதீர்கள். பத்து மணிக்கு மேல் காடு அடங்கிவிடும், மதியக் கூலி வீண். அதே ஆளோடு இரண்டு காலைகள் பேசிக்கொள்வதே லாபம்.