ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் போய்வரும் வயலின் வகுப்பு

மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் குளத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு மாடி வீட்டின் முன்னறையில் நடக்கும் வயலின் வகுப்பில் என் மகளை 8 வயதில் சேர்த்தேன்; இப்போது அவளுக்கு 17. பெயர் போட வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பிள்ளையைக் கர்நாடக வயலினில் சேர்க்க நினைக்கும் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிப்பதால், வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே எதுவும் வேகமாக நடக்காது என்பதுதான். முதல் 4 மாதங்கள் இடக்கைக்கு வேலையே இல்லை. தம்புராவை ஓடவிட்டு, வில்லை அடியிலிருந்து நுனிவரை எட்டு எண்ணிக்கைக்கு ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும், அவ்வளவே. அதோடு உட்காரும் முறை. தரையில் அமர்ந்து, வலது காலைச் சற்று முன்னே தள்ளி, வயலினின் சுருள் முனையை அந்தக் கணுக்காலில் ஊன்றிக்கொள்ளும்போது வாத்தியத்தின் பாரத்தைக் காலும் தோளும் வாங்கிக்கொள்வதால், கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பதற்காக, இடக்கை தந்தி நெடுகிலும் தடையில்லாமல் வழுக்க முடிகிறது. தந்திகளும் மேற்கத்திய முறைப்படி அல்லாமல் ச-ப-ச-ப என்று பாடுபவரின் சுருதிக்கே (ஆதார ஒலியின் உயரத்துக்கே) கூட்டப்படுகின்றன. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய முறையில் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த இந்த வாத்தியத்தை, நம் பாட்டுக்கேற்ப மாற்றியது இந்த அமர்வும் இந்தச் சுருதியும்தான் என்று ஆசிரியர் சேர்ந்த நாளிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிவிடுகிறார்.

அடுத்து சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகள் எல்லாம் மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில். இந்தக் கட்டத்தில் அவர் செய்யும் ஒரு காரியத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. தம் இடக்கையையும் வயலின் கழுத்தையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு வாசித்துக் காட்டுவார். விரலைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. காதால் கேட்டு, வாயால் பாடிக் காட்டிவிட்டு, அதன் பிறகே பக்கத்தில் மூடியில் வைத்திருக்கும் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுக்கொண்டு வாசிக்கலாம். என் மகள் மோகன ராக வர்ணத்துக்கு (கீர்த்தனைக்கு முன்பு கற்கும் உருப்படி) வந்து சேர 3 ஆண்டுகள் ஆயின. அவளோடு வேறிடத்தில் சேர்ந்த பிள்ளைகள் அதற்குள் பள்ளி மேடையில் கீர்த்தனை வாசித்துவிட்டார்கள்; எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த எரிச்சல் தீர்ந்தது சனிக்கிழமை மாலைகளில். ஐந்தாம் ஆண்டிலிருந்து, வாய்ப்பாட்டு மாணவர் ஒருவரை வரவழைத்து, என்ன பாடப்போகிறார் என்று முன்கூட்டிச் சொல்லாமல் பாட வைத்து, வயலின் மாணவர்களைப் பக்கவாத்தியமாக உட்கார வைக்கிறார். கீர்த்தனையில் நிழல்போலப் பின்தொடர்வது, ராகத்தைச் சொற்களில்லாமல் விரிக்கும் ஆலாபனைக்குப் பதில் சொல்வது, பாட்டின் ஒரு வரியை விதவிதமாகப் பாடும் நிரவலிலும், அந்தக் கணத்தில் ஸ்வரங்களைக் கோக்கும் கற்பனை ஸ்வரத்திலும் பாடகர் விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டு திரும்ப ஒப்படைப்பது ஆகியவற்றைத் தனியறையில் எத்தனை மணிநேரம் சாதகம் (பயிற்சி) செய்தாலும் கற்றுக்கொள்ள முடியாது. ஒருமுறை காம்போதி ராக ஆலாபனைக்கு என் மகள் வெகு உற்சாகமாகப் பதில் வாசித்து முடித்துவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தாள். “அந்தப் பையன் பாடினது நாலு நிமிஷம், நீ வாசிச்சது ஆறு நிமிஷம்மா. கச்சேரி யாரோடது?” என்றார் ஆசிரியர். வேறொன்றும் சொல்லவில்லை. மறு வாரம் அவள் மூன்று நிமிடத்தில் முடித்ததை நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். முந்தைய வாரத்தைவிட அதில் காம்போதி அதிகமாக இருந்தது.

இந்தக் கல்வியின் மதிப்பு, மேடைக்குப் போன பிறகுதான் தெரிகிறது. வயலின் மேதை லால்குடி ஜெயராமன் 12 வயதில் பக்கவாத்தியக்காரராகவே தொடங்கினார். மியூசிக் அகாடமியின் 2016-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி, பாடகி எம். எல். வசந்தகுமாரிக்கு நீண்ட காலம் வாசித்தவர். தனிக் கச்சேரிக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு என்பதால், இளம் வயலின் கலைஞருக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் பாடுபவர்களிடமிருந்துதான். அவர்களும் கூட உட்கார்ந்தால் நிம்மதியாகப் பாடலாம் என்று தோன்றும் ஆளைத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள். என் மகளுக்கு நவராத்திரிக் கோயில் கச்சேரிகளும், சென்ற டிசம்பரில் ஒரு மதிய நேர இலவசக் கச்சேரியும் அப்படித்தான் வந்தன.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் ஆசிரியருக்கே கச்சேரிகள் இருப்பதால் பாதி வகுப்புகள் நடப்பதில்லை. கட்டணத்தில் அது கழிவதுமில்லை. ஸ்வரம் எழுதித் தரும் வழக்கம் கிடையாது. தேர்வுகளுக்குத் தயார் செய்வதில்லை என்பதால், சான்றிதழ் வேண்டுவோர் வேறிடம் பார்க்கலாம். ஊரடங்குக் காலத்தில் நடத்திய இணைய வகுப்பு, ஒலி சற்றுப் பிந்தி வருவதால், பக்கவாத்தியப் பயிற்சிக்கு உதவவே இல்லை.

பெரிய குறை, தொழிலைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை என்பது. வானொலி ஆடிஷனில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரங்கள் இருப்பதையும், பாடகிக்கு 5 அல்லது 5½ கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு), பாடகருக்கு 1 முதல் 2 கட்டை என்று சுருதி மாறுவதால் நாளடைவில் இரண்டு வயலின்கள் தேவைப்படும் என்பதையும், தொடக்க நிலைச் சன்மானம் ஆட்டோவுக்கும் தந்தி மாற்றுவதற்குமே சரியாகப் போய்விடும் என்பதையும் நாங்கள் மற்றப் பெற்றோர்களிடம் கேட்டும், கையைச் சுட்டுக்கொண்டும்தான் அறிந்தோம். மகள் அடுத்த ஆண்டு பி.காம். சேரப்போகிறாள். கல்லூரி நேரத்தையும் சாதகத்தையும் எப்படிப் பொருத்துவது என்று கேட்டதற்கு, “காலையில நாலரைக்கு எந்தக் காலேஜ் திறந்திருக்கு?” என்பதுதான் அவர் தந்த ஆலோசனை.

புதியவர்களை விஜயதசமி அன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறார். போகும்போது வயலின் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கை நீளத்தைப் பார்த்து அரையா முக்காலா என்று அவரே சொல்வார். நாங்கள் ஆசையாக வாங்கிச் சென்ற முழு அளவு வயலின் 5 ஆண்டுகள் பெட்டியோடு பரணில் கிடந்தது.