பில்லில் பிக்ஸி, லேப் ஷீட்டில் வெறும் இக்ஸி: குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கரு உருவாக்குவது), இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) சிகிச்சைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். “ஆரோக்கியமான விந்தணுவை மட்டும் பொறுக்கி எடுக்கும் தனி டெக்னாலஜி” என்று சொல்லி, பிக்ஸி என்ற பெயரில் எங்களிடம் 35,000 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். கடைசியில் அதைச் செய்யவே இல்லை. புகார் இன்னும் முடியாததால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே பேச்சைப் பல ஊர்களில் பேசுகிறார்கள் என்று, எங்கள் கதையைக் கேட்ட மற்ற தம்பதிகள் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பயமுறுத்தல் என்னுடைய விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் தொடங்கியது. வடிவம் சரியாக உள்ள விந்தணுக்கள் 4 சதவீதம் என்று அதில் இருந்தது. சிகிச்சை பற்றி எங்களுக்கு விளக்கும் மருத்துவமனை கவுன்சிலர் அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, “சார், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு டிஃபெக்ட்” என்றார். என் மனைவியின் முகம் அப்படியே வாடிவிட்டது. உண்மை என்னவென்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் வரம்பே 4 சதவீதம்தான். ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் ரிப்போர்ட்டுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. அதாவது குழந்தை பெற்ற ஆண்களுக்கும் பெரும்பாலான விந்தணுக்கள் வடிவம் மாறித்தான் இருக்கும். எண்ணிக்கைக்கு வரம்பு ஒரு மில்லிக்கு 1.6 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். இந்த இரண்டிலும் நான் வரம்புக்கு மேலே இருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது, காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை மாறும், விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், அதனால் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கே யாரும் சொல்லவில்லை.

இக்ஸி பேக்கேஜுக்கு முழுப் பணமும் கட்டினோம். ஊசிகள், ஸ்கேன்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அந்த நர்ஸ் அக்காக்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கருமுட்டை எடுக்கும் நாள் காலையில்தான் விஷயம் வந்தது. மனைவியை உள்ளே அழைத்துப் போய் ட்ரிப் ஏற்றிவிட்டார்கள். நான் சாம்பிள் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். கவுன்சிலர் ஒரு ஃபார்மோடு வந்தார். “சார், உங்க ரிப்போர்ட்டுக்கு சாதாரண இக்ஸி போதாது. பிக்ஸி பண்ணிடலாம். இல்லேன்னா கிடைக்கிற விந்தணுவைத்தான் ஊசியில எடுத்துப் போடுவோம். கரு தரமா வராது, வந்தாலும் கலைஞ்சிடும். இப்பவே சொல்லணும், லேப்ல வெயிட் பண்றாங்க.” உள்ளே மனைவி மயக்க மருந்துக்குத் தயாராக இருக்கும்போது எந்தக் கணவனும் என்ன செய்வான்? ஃபோனிலேயே பணம் போனது.

அந்த ரிப்போர்ட் மாதக்கணக்கில் அவர்கள் கையில்தான் இருந்தது. பிக்ஸி அவசியம் என்றால் அதை முதல் ஆலோசனையிலேயே சொல்லியிருக்க முடியும். அந்தக் காலைவரை காத்திருந்தது, மறுக்க முடியாத நேரத்தில் கேட்பதற்காகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“கிடைக்கிற விந்தணுவைப் போடுவோம்” என்று அவர் சொன்னது சுத்தப் பொய். நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய சாதாரண இக்ஸியிலேயே தேர்வு இருக்கிறது. சாம்பிளை முதலில் கழுவுகிறார்கள். அடர்த்தி வேறுபட்ட திரவ அடுக்குகளின் மேல் விட்டுச் சுழற்றினால் இறந்தவை, கழிவுகள் மேலே தங்கி, நல்லவை அடியில் சேரும். அல்லது மேலே ஊட்டத் திரவம் விட்டு, அதற்குள் நீந்தி ஏறி வருபவற்றை மட்டும் எடுப்பார்கள். அப்புறம் எம்ப்ரியாலஜிஸ்ட் (லேபில் கருவை உருவாக்கும் நிபுணர்) மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நீந்தும் விதமும் வடிவமும் நன்றாக உள்ள ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு முட்டைக்குள் செலுத்துகிறார். 1992-ல் பிரஸ்ஸல்ஸில் முதல் இக்ஸி குழந்தைகள் பிறந்த காலத்திலிருந்து எம்ப்ரியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்துப் பொறுக்குவதுதான் இந்த முறையின் அடிப்படை.

பிக்ஸி என்பது அதற்கு மேல் ஒரு படி. முட்டையைச் சுற்றி இயற்கையாக இருக்கும் ஹைலூரோனான் என்ற பொருளைப் புள்ளி புள்ளியாகத் தடவிய தட்டு அது. முதிர்ந்த விந்தணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியவற்றிலிருந்து ஒன்றை எடுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 16 மையங்களில் 2,772 தம்பதிகளை வைத்துச் செய்த ஹேப்செலக்ட் ஆய்வு 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. நிறைமாதத்தில் உயிரோடு குழந்தை பிறந்தது பிக்ஸியில் 27.4 சதவீதம், சாதாரண இக்ஸியில் 25.2 சதவீதம். புள்ளியியல்படி இதை வேறுபாடாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் முடிவு. கருச்சிதைவு பிக்ஸியில் குறைவாக இருந்தது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடிக்கடி கரு கலைந்தவர்களுக்கு ஒரு மருத்துவர் அதை யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். எங்களுக்கு அதுவரை கரு தங்கியதே இல்லை. பெரிதாக்கிப் பார்க்கும் இம்ஸி, காந்தத்தால் பிரிக்கும் மேக்ஸ், நுண்குழாய் சிப் என்று வரும் மற்றவற்றுக்கும் எல்லோரிடமும் பணம் வாங்கும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

அந்த முறை கரு தங்கவில்லை. அதற்கு நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல இடத்திலும் அப்படி நடக்கும். வேறு ஒரு டாக்டரிடம் ஆலோசனை கேட்கலாம் என்று முழு ரிப்போர்ட்டையும் கேட்டோம். தருவதற்கு இழுத்தடித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறையில் உள்ளது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகுதான், லேபில் என்ன செய்தார்கள் என்று பதிந்த லேப் ஷீட் வந்தது.

புதிய டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, “இதுல இக்ஸின்னுதான் போட்டிருக்கு. பிக்ஸிக்குக் காசு கட்டினீங்களா?” என்று கேட்டார். பிக்ஸி தட்டு ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது, அதற்கு லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உண்டு, செய்திருந்தால் எங்காவது பதிவு இருக்கும் என்றார். திரும்பப் போய் அந்த லாட் எண்ணைக் கேட்டேன். முதலில் “எம்ப்ரியாலஜிஸ்ட் லீவ்” என்றார்கள். அப்புறம் “சிஸ்டத்தில் ஏற மறந்திருக்கும்” என்றார்கள். மேனேஜரோ, “சார், ரிசல்ட் வரலைன்னு கோபத்துல பேசறீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை மிகவும் காயப்படுத்தியது. இழப்பில் இருக்கிறவனின் கேள்வியை அவன் துக்கத்தின் மேலேயே தள்ளிவிடுவது கொடுமை.

2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒவ்வொரு மையமும் குறைதீர்ப்புப் பிரிவு வைத்திருக்க வேண்டும். சிகிச்சையின் செலவு, நன்மை, தீமை, வெற்றி வாய்ப்பு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்க வேண்டும். அந்தப் பிரிவுக்குப் பில், லேப் ஷீட் இரண்டின் நகலையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். “பில்லிங் பிழை” என்று ஒரு வரி எழுதி 35,000 ரூபாயைத் திருப்பினார்கள். செய்யாததைச் செய்ததாகச் சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லை.

நீங்கள் போகும்போது, கூடுதல் கட்டணம் எதுவானாலும் ஊசி தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எங்கள் ரிப்போர்ட்டில் எந்தக் காரணத்துக்காக இது, இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று எந்த ஆய்வு சொல்கிறது என்று கேளுங்கள். முட்டை எடுக்கும் நாளில் புதிய ஃபார்ம் எதிலும் கையெழுத்து இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செய்த பிறகு லேப் ஷீட்டின் நகலை அன்றே வாங்குங்கள். இன்னொன்று, “பையனுக்கான விந்தணுவைப் பிரித்துத் தருகிறோம்” என்று யாராவது காதில் ஓதினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். கருத்தரிப்புக்கு முன் பாலினம் தேர்வு செய்வது நம் நாட்டில் குற்றம்.

பணம் திரும்பியதோடு நான் விடவில்லை. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். அதே மருத்துவமனையில் பிக்ஸி என்று பில் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் லேப் ஷீட்டை எழுத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.