ஆங்கரேஜிலிருந்து திடீர்ப் பயணம்: மூன்று பனியாறுகள், எதை நோக்கி வண்டியைத் திருப்பலாம்?

காலையில் பேச்சு எழுந்து, மதியத்துக்குள் குடும்பத்தோடு காரில் போய்ப் பனியாறு பார்க்க முடிகிற நகரங்கள் உலகில் குறைவு. அலாஸ்காவின் ஆங்கரேஜ் அதில் ஒன்று. ஜூன் பிற்பகுதியில் அங்கே பகல் 19 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. எனவே தாமதமாகக் கிளம்பினாலும் இருட்டிவிடுமே என்ற பயம் வேண்டாம்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடுவோம். அலாஸ்கா என்றதும் படங்களில் அடிக்கடி வரும் மெண்டன்ஹால் பனியாறு ஜூனோவில் இருக்கிறது. ஜூனோவுக்கு வெளியூர்ச் சாலையே கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான். மிஞ்சுவது போர்ட்டேஜ், எக்ஸிட், மட்டனுஸ்கா.

மிக அருகில் இருப்பது போர்ட்டேஜ். சுமார் 80 கிலோமீட்டர், ஒரு மணி நேர ஓட்டம். ஏரிக்கரையில் அழகான பார்வையாளர் மையம் ஒன்று உண்டு. 1986-ல் அது திறந்தபோது உள்ளே நின்றபடியே பனியாற்றைப் பார்க்க முடிந்தது. அப்புறம் பனி பின்வாங்கி, மலை முனைக்கு அப்பால் மறைந்துவிட்டது. கட்டடம் மட்டும் ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது. பனியாற்றின் முகத்தைப் பார்க்கக் கோடையில் ஓடும் படகில் ஏற வேண்டும். ஒரு மணி நேரச் சவாரி, நடை இல்லை, பாட்டி தாத்தாவுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் இடம் இருந்தால்தான். இல்லாவிட்டால் பக்கத்திலேயே பைரன் பனியாற்றுக்குப் போகும் சின்ன நடைபாதை இருக்கிறது, பெரும்பாலும் சமதளம். அடிவாரத்தில் பனிச்சரிவு கொண்டுவந்து கொட்டிய பனி கோடையிலும் கிடக்கும். குழந்தைகளுக்கு அது போதும். அங்கே தெரியும் பனிக்குகைக்குள் மட்டும் யாரையும் விடாதீர்கள், எப்போது இடியும் என்று சொல்ல முடியாது.

மட்டனுஸ்கா எதிர்த்திசையில், க்ளென் நெடுஞ்சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். மூன்றில் பெரியது இதுதான்: நீளம் 40 கிலோமீட்டருக்கு மேல். பனிமேலேயே நடக்கலாம். காலணியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு நீலப் பிளவுகளுக்கு இடையே நடக்கும் அனுபவத்தை மற்ற இரண்டும் தராது. பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பனிக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் இருக்கிறது. வழிகாட்டியோடு, கட்டணம் கட்டிப் போவதுதான் அங்கே நடைமுறை. அதாவது வீட்டை விட்டு இறங்கும் முன்பே தொலைபேசியில் இடம் கேட்டாக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு நெடுஞ்சாலையோர மாநிலப் பூங்காவிலிருந்து எட்ட நின்று பார்க்கும் காட்சி உண்டு. நன்றாகவே இருக்கும், ஆனால் பிள்ளைகள் பனிமேல் போயிருக்கும்போது அங்கே தனியாக உட்கார்ந்திருப்பது குடும்பப் பயணமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

எக்ஸிட் மூன்றிலும் தூரம். சீவர்ட் ஊர் வரைக்கும் 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவில் சாலை வழியாகப் போகக்கூடிய ஒரே பகுதி இது. நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. 1968-ல் மலைமேல் பரந்து கிடக்கும் ஹார்டிங் பனிப்புலத்தைக் கடந்தவர்கள் இந்த வழியாக வெளியே இறங்கியதால் வந்த பெயர் எக்ஸிட். இங்கே எனக்குப் பிடித்தது பனிகூட இல்லை, ஆண்டுப் பலகைகள். பூங்காச் சாலையில் போகும்போதே 1815 என்று ஒரு பலகை வரும்: அந்த ஆண்டு பனி அதுவரை இருந்தது. பிறகு வேறு சில ஆண்டுகளின் பலகைகள் ஒன்றொன்றாக வரும். காரிலும் கொஞ்சம், நடைபாதையிலும் கொஞ்சம். தாத்தா பிறந்த வருடம் எது, அம்மா பிறந்த வருடம் எது என்று பிள்ளைகள் தேட ஆரம்பித்தால், அந்தத் தொலைவை யாரும் விளக்க வேண்டியதில்லை. குறையும் அதுதான்: பனி மேலே ஏறிக்கொண்டே போகிறது, தொட்டுப் பார்க்க முடியாது. கீழ்ப்பாதையில் சக்கர நாற்காலியும் போகும். நல்ல காட்சிக்குக் கொஞ்சம் ஏற வேண்டும். குளிர்காலத்தில் அந்தச் சாலை கார்களுக்கு மூடப்பட்டுவிடும்.

சரி, எது? திட்டமில்லாத பயணத்துக்கு என் தேர்வு எக்ஸிட்தான், அதற்குக் காரணம் சாலை. போர்ட்டேஜும் எக்ஸிட்டும் ஒரே சீவர்ட் நெடுஞ்சாலையில் இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு போர்ட்டேஜ் திருப்பம் வரும். அதற்குள் சின்னவன் அழ ஆரம்பித்திருந்தால் இடப்பக்கம் திரும்பிவிடலாம். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தால் நேராகப் போகலாம். மழை பிடித்துக்கொண்டால் சீவர்ட்டில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இருக்கிறது. மட்டனுஸ்காவுக்கு இந்த வசதி இல்லை, அதை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களாகி, வழிகாட்டியிடம் இடமும் கிடைத்துவிட்டால், தயங்காமல் அங்கே போங்கள்.

சீவர்ட் சாலையில் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது அங்கே சட்டம். வழியில் டர்னகெய்ன் கடற்கழியோரம் பெலுகா திமிங்கிலம் தெரிகிறதா என்று நிறுத்திப் பாருங்கள், ஆனால் நீர் வடிந்த சேற்றில் இறங்காதீர்கள். பனியாறு அரைத்த நுண்மண் அது. காலைப் பிடித்தால் விடாது, கடலும் வேகமாகத் திரும்பி வரும்.