‘ஒரிஜினல் பேனல்தான் சார்’: மடிக்கணினித் திரை மாற்றக் கொடுப்போர் கவனத்திற்கு

விசைப்பலகையின் மேல் பேனா கிடந்ததைக் கவனிக்காமல் மூடியை அழுத்தி மூடியதில், என் 14 அங்குல மடிக்கணினியின் திரை குறுக்காக விரிசல் விட்டது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் 13,500 ரூபாய் கேட்டார்கள். திருமண ஆல்பம் வடிவமைத்துப் பிழைக்கும் எனக்கு அது பெரிய தொகையாகத் தோன்றியதால், திண்டிவனத்திலிருந்து பேருந்து ஏறி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே 5,200 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

“பழையதில் இருந்தது போல ஐபிஎஸ் பேனல்தானே?” என்று இருமுறை கேட்டேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை அது. “அதே ஐட்டம்தான் சார், ஒரிஜினல் ஏயூஓ, 30 பின், ஃபுல் எச்டி” என்றார் கடைக்காரர். ஏயூஓ என்பது திரைப் பேனல் தயாரிக்கும் நிறுவனம்; 30 பின் என்பது கேபிள் இணைப்பின் வகை. அரை மணி நேரத்தில் மாட்டித் தந்தார்கள். திரை பளிச்சென்று எரிந்தது. நேர் எதிரே நின்று பார்த்த எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கழற்றிய பேனலின் முதுகில் இருந்த வெள்ளை ஸ்டிக்கரை அப்போது கைபேசியில் படமெடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று இன்றும் எனக்கே தெரியாது. இந்த விவகாரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

வீட்டில் வேலைக்கு உட்கார்ந்தபோது, ஒரே முகம் திரையின் மேல்பாதியில் கறுத்தும் கீழ்ப்பாதியில் வெளுத்தும் தெரிந்தது. மூடியின் சாய்வைச் சற்று மாற்றினால் நிறமும் கூடவே மாறியது. புதுத் திரை, கண் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டு 40 பக்க ஆல்பம் ஒன்றைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். வந்த ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் மஞ்சள் பூசியது போல இருந்தது. மறு அச்சுக்கான செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது.

அதன் பிறகுதான் சந்தேகம் வந்து சோதித்தேன். ஒவ்வொரு பேனலிலும் தன் தயாரிப்பாளரையும் மாதிரியையும் கணினிக்குத் தெரிவிக்கும் இடிஐடி என்ற சிறு தகவல் தொகுதி பதிந்திருக்கும். வன்பொருள் விவரங்களைக் காட்டும் இலவச மென்பொருள்களில் மானிட்டர் பகுதியைத் திறந்தால் அதைப் படிக்கலாம். என் படத்தில் இருந்த பழைய எண் ‘பி140எச்ஏஎன்’ (B140HAN) என்று தொடங்கியது. புதியது ‘பி140எச்டிஎன்’ (B140HTN) என்று காட்டியது. இரண்டும் ஏயூஓ தயாரிப்புகள்தான், இரண்டும் 14 அங்குலம், இரண்டும் 1920 x 1080. ஆனால் ‘ஏ’ இருக்கும் இடத்தில் ‘டி’ வந்தால் அது ஐபிஎஸ் வகையைச் சேர்ந்த பேனல் அன்று, பார்க்கும் கோணம் மாறினாலே நிறம் புரளும் விலை குறைந்த டிஎன் பேனல். அதாவது கடைக்காரர் சொன்ன ‘ஒரிஜினல்’ என்ற சொல்லில் பொய் இல்லை. ‘அதே ஐட்டம்’ என்பதில்தான் இருந்தது.

மறுபடி பேருந்து ஏறிப் போய்க் கேட்டபோது, “டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் சார், நீங்கள் கடையிலேயே பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்றார். ரசீதை நீட்டினேன். அதில் ‘14 எல்இடி ஸ்கிரீன் - 1’ என்பதற்கு மேல் ஒரு எழுத்துகூட இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லாததால் அது நகரவில்லை. ஐபிஎஸ் என்ற மூன்று எழுத்துகளை ரசீதில் எழுதச் சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

வெளிக்கடையில் திரை மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பிசின் பட்டையை ஒட்டி மூடுவதற்கு முன்பே புதிய பேனலின் முதுகில் உள்ள எண்ணைப் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்; அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு முகத்தின் படத்தைத் திரை முழுவதும் நிறுத்தி, மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். எதிரே நின்று மட்டும் பார்த்தால் டிஎன் பேனல் அகப்படாது. பழைய பேனலையும் கேட்டு வாங்கி வாருங்கள். என்னுடையதைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

கடைசியில் வேறொரு கடையில் பழைய எண்ணைக் காட்டி, அதே வரிசையில் ஒரு பேனலை 6,800 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பேருந்துக் கட்டணத்தையும் மறு அச்சையும் சேர்த்தால் சர்வீஸ் சென்டர் கேட்டதைத் தாண்டிவிட்டது. அந்த டிஎன் பேனல் இப்போது என் அலமாரியில் கிடக்கிறது.