பழைய போட்டோக்களை எதில் வைக்கலாம்: ஷூ டப்பா, பிஸ்கட் டின், பிளாஸ்டிக் டப்பா

கரண்ட் பில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பழைய சார்ஜர், தையல் நூல் என்று எதைப் போட்டாலும் ஷூ டப்பா தாங்கும். அதில் தப்பே இல்லை. ஆனால் தாத்தா பாட்டி கல்யாணப் போட்டோவையும் அதிலேயே போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஷூ டப்பாவில் ஒரு நல்ல வசதி உண்டு, 4-க்கு 6 இன்ச் பிரிண்ட்டுகளை வரிசையாக நிற்க வைத்து நடுநடுவே அட்டை செருகி வருஷம் எழுதிவிட்டால் எடுப்பது சுலபம். சிக்கல் அட்டையிலேயே இருக்கிறது. மலிவான அட்டையில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கும், நாள்பட அமிலம் உண்டாகி ஒட்டியிருக்கும் தாளையும் போட்டோவையும் பழுப்பாக்கும். செய்தித்தாள் மஞ்சளாவதற்கும் இதே லிக்னின்தான் காரணம். அப்புறம் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை நமுத்துப்போகும், போட்டோ மேலிருக்கும் ஜெலட்டின் என்ற மெல்லிய பூச்சு இளகி இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டுப் பிரித்தால் மணப்பெண்ணின் கன்னம் அடுத்த படத்தோடு போய்விடும். ராமபாணப் பூச்சிக்கோ அந்த ஜெலட்டினும் ஆல்பப் பசையும்தான் சாப்பாடு.

பிஸ்கட் டின் பரவாயில்லை. எலி, கரையான் நெருங்காது, அமிலத் தொல்லையும் இல்லை. மூடி விளிம்பில் துரு பிடித்திருந்தால் மட்டும் வேண்டாம்.

என் ஓட்டு பிளாஸ்டிக் டப்பாவுக்கு, ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் இல்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன், தைரியமாக வாங்கலாம். 3 என்றால் பிவிசி, அதிலிருந்து வரும் ஆவி படத்தைக் கெடுக்கும், தொடவே வேண்டாம். ஷூவோடு வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்பிப் போடாதீர்கள், நம் கைக்கு வரும்போதே அது பெரும்பாலும் ஈரம் குடித்து முடித்திருக்கும். புதிதாக வாங்கிப் போடுங்கள். டப்பாவைப் பரணில் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள், பரணில் வெயில் சூடு அப்படியே இறங்கும்.

நெகட்டிவ் மட்டும் தனிக் கதை. அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த பழைய பிலிம் சிதையும்போது வினிகர் வாடை அடிக்கும், அந்த ஆவியை இறுக மூடி வைத்தால் சிதைவு இன்னும் வேகமாகும், பக்கத்து பிலிமையும் பிடித்துக்கொள்ளும். அதனால் டின்னும் வேண்டாம், காற்றுப் புகாத பிளாஸ்டிக்கும் வேண்டாம். அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு, கொஞ்சம் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாடை ஏற்கெனவே வந்துவிட்டதா? அந்தச் சுருளைப் பிரித்துத் தனியாக வைத்து, மற்ற வேலையெல்லாம் அப்புறம் என்று முதலில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.