பெட்டிக்கு நாலு ஸ்டார், உள்ளே இருக்கும் புத்தகத்துக்கு ஒன்று

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று விற்கிற ஒரு இயற்பியல் சோதனைப் பெட்டியை வாங்கி, அதில் உள்ள எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். திரவங்களும் இயக்கமும்தான் பொருள். சாமான்கள் தரமாக இருக்கின்றன. கூட வந்த விளக்கப் புத்தகம்தான் பல இடங்களில் அரைகுறை, சில இடங்களில் முழுத் தப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மார்க் போட்டால் சாமான் செய்தவருக்கு அநியாயம்.

முதலில் அந்த மூன்று ஓட்டைக் குழாய். உயரமான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், கால், அரை, முக்கால் உயரத்தில் ஒவ்வொரு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் அடைப்பான். புத்தகப் படத்தில் அடி ஓட்டையின் தண்ணீர்தான் ரொம்பத் தூரம் பாய்கிறது, ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று கீழே ஒரு வரி. மேசைமேல் வைத்துத் திறந்து பாருங்கள், நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரம் போகும், மேல் ஓட்டையும் அடி ஓட்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பது உண்மைதான், இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1643-லேயே வேகத்துக்குக் கணக்குக் கொடுத்துவிட்டார், 40 செ.மீ. தண்ணீர் நின்றால் அடி ஓட்டையில் நொடிக்கு 2.4 மீட்டர், மேல் ஓட்டையில் 1.4 மீட்டர். ஆனால் அடியில் கிளம்புகிற தண்ணீர் மேசையைத் தொட 10 செ.மீ. விழுந்தால் போதும், பறக்க நேரமே இல்லை. மேலே கிளம்புவதற்கு 30 செ.மீ. இருக்கிறது. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் இரண்டுக்கும் 35 செ.மீ. சுமார் வருகிறது, நடுவில் இருப்பதற்கு 40. ஓட்டையின் விளிம்பில் கொஞ்சம் இழப்பு உண்டு, அதனால் அளந்தால் சற்றுக் குறையும். இதே குழாயை உயரமான ஸ்டூலின் ஓரத்தில் வைத்தால் புத்தகப் படம் சரியாகிவிடும், அடி ஓட்டை ஜெயிக்கும். எதன்மேல் வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அருமையான பாடமாக ஆகியிருக்கும். எழுதவில்லை.

பெட்டியிலேயே சிறந்த சாமான் நடுவில் ஒடுங்குகிற வென்சுரி குழாய். மேலே மூன்று மெல்லிய குழாய்கள் நிற்கின்றன, தண்ணீரை ஓட விட்டதும் ஒடுங்கிய இடத்துக்கு மேலே உள்ள குழாயில் மட்டும் மட்டம் சரேலென்று இறங்குகிறது. விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால்வாசி, வேகம் 4 மடங்கு, ஏனென்றால் உள்ளே போகிற தண்ணீர் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். வேகம் எடுக்கத் தள்ளு விசை வேண்டும், அந்தத் தள்ளு பின்னால் அழுத்தம் கூடுதலாகவும் முன்னால் குறைவாகவும் இருப்பதால்தான் கிடைக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்கிற பெர்னௌலி விதி இவ்வளவுதான், இதைக் கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார்.

அடுத்த பக்கத்திலேயே புத்தகம் சொதப்புகிறது. ஒரு தாள் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்து மேல்பக்கம் ஊதச் சொல்கிறது, தாள் எழும்புகிறது, வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்கிறது. சரி, அதே தாளை நேராகத் தொங்க விட்டு ஒரு பக்கம் மட்டும் ஊதிப் பாருங்கள், பெரிதாக எதுவும் நடக்காது. வாயிலிருந்து திறந்த வெளிக்கு வருகிற காற்றின் அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்தான், வேகமாக வருவதால் மட்டும் அது குறைந்துவிடாது. முதல் சோதனையில் தாள் வளைந்திருக்கிறது, காற்று அந்த வளைவை ஒட்டித் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தில்தான் அழுத்தம் குறைகிறது. விமான இறக்கைக்கும் அந்தப் பழைய கதையையே எழுதியிருக்கிறார்கள்: மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகமாம், கீழே போவதோடு ஒரே நேரத்தில் சேர வேண்டுமாம். சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, உண்மையில் மேலே போவது முந்திக்கொண்டு போய்விடுகிறது. தலைகீழாகவும் பறக்கிற விமானங்கள் இருக்கின்றனவே, அதற்கு இவர்கள் என்ன சொல்வார்கள்?

கிளிசரின் குழாயில் 2 மி.மீ., 4 மி.மீ. எஃகு குண்டுகளைப் போடுவது பொறுமைக்கான சோதனை, ஆனால் எனக்குப் பிடித்தது. சின்னது நொடிக்கு 1 செ.மீ. போல நகர்கிறது. கெட்டியான திரவத்தில் விழும் குண்டின் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்கிற ஸ்டோக்ஸ் விதிப்படி பெரியது 4 மடங்கு வேகமாக வர வேண்டும், குழாயின் சுவர் நெருக்குவதால் கொஞ்சம் குறைந்தே வரும். வெயில் நேரத்தில் செய்தால் எல்லாமே வேகமாகிவிடும். 20 டிகிரியிலிருந்து 30-க்குப் போனால் கிளிசரினின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. புத்தகம் வெப்பநிலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூடியை இறுக மூடுங்கள், காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்த்துப் போகும்.

மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதைச் சிரிஞ்ச் வைத்துக் காட்டும் பாஸ்கல் சோதனை வழக்கமானது, இணைப்பு ஒழுகுகிறது. பாட்டிலை அமுக்கினால் முங்கும் மூழ்கு பொம்மை அழகாக வேலை செய்கிறது.

கடைசியாகச் சாய்தளம். சம நேர இடைவெளிகளில் பந்து கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வருவதைக் காட்ட நகர்த்தக்கூடிய சின்ன மணிகள் கொடுத்திருக்கிறார்கள், கலிலியோ கண்ட அதே விகிதம், காதால் கேட்கலாம். அப்புறம் அதே தளத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொல்கிறது புத்தகம். விடை 7 சுமார் வரும், 9.8 வராது. "உராய்வால் ஏற்படும் பிழை" என்று அச்சடித்திருக்கிறார்கள். பிழையே இல்லை. உருளும் பந்துக்கு ஆற்றலில் ஒரு பங்கு சுழல்வதற்குப் போகிறது, கெட்டிப் பந்தின் முடுக்கம் வழுக்கி இறங்கும் பொருளின் முடுக்கத்தில் 5/7 பங்குதான், 9.8-ஐ அதால் பெருக்கினால் சரியாக 7. உராய்வு இங்கே பந்தை உருள வைக்கிறது, ஆற்றலைத் தின்பதில்லை. சரியான விடை கண்ட பிள்ளையைத் தப்பு என்று சொல்வது எனக்குக் கோபமே வந்த இடம்.

தளத்தின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, மெல்லிய டேப் ஒட்டினால் சரியாகிவிடும். நிறுத்துக் கடிகாரம் தேவையில்லை, போனே போதும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர், அல்லது கூட உட்கார்ந்து சொல்லித் தர ஆள் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். தனியாக விளையாடட்டும் என்று சின்னப் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.