தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு தையற்கடை

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரில், பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு கைபேசிக் கடைக்கு மேலுள்ள மாடியில் இயங்கும் தையற்கடையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளரான அக்காவே கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே எடுத்த வேலையே குவிந்து கிடக்கிறதாம். மூன்று மெஷின்கள், ஓர் ஓவர்லொக், மின்சாரம் போனால் ஓட்டுவதற்கு ஒரு பழைய கால்மெஷின், உடுப்பைப் போட்டுப் பார்க்க ஒரு திரை மறைப்பு, இவ்வளவுதான் கடை.

வேலைத்தரத்தில் குறை சொல்ல இடமில்லை. லைனிங் வைத்த பிளவுஸுக்கு என்னிடம் 1,400 ரூபாய் வாங்கினார். கைக்குழி சுருக்கமின்றி உட்கார்ந்திருக்கிறது. உட்பக்கம் இரு ஓரத்திலும் ஓர் அங்குலம் துணி விட்டிருப்பதால், உடம்பு பெருத்தாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். கொக்கிகள் ஒவ்வொன்றையும் கையால் தைத்துத் தனித்தனியாக முடிச்சிட்டிருந்தார்.

ஆனால், பில் துண்டில் எழுதிய தேதியில் உடுப்பு கிடைக்காது. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கொடுக்கும் தீபாவளி முற்பணம் பண்டிகை நெருங்கும்போதுதான் கைக்கு வருகிறது. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை என எல்லாப் பக்கத்தவரும் அந்தப் பணத்தில் துணி எடுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரே வாரத்தில் அட்டனுக்கு வந்து சேர்கிறார்கள். 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஆக, அந்தக் கணக்கில் ஒரு பிளவுஸின் தையற்கூலி ஒரு முழுநாள் கொழுந்து பறித்த கூலியையும் விடச் சற்று அதிகம். அதைக் கொடுத்துவிட்டு, பஸ் காசும் செலவழித்து வந்து, "இன்னும் முடியல்ல" என்று கேட்பவருக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

நான் போன அன்று பின்மதிய மழையில் நனைந்தபடி ஏறி வந்த ஓர் அம்மா, படியில் நின்றே சத்தம் போடத் தொடங்கினார். "மூணாவது தடவ வாறேன், இப்புடி ஏமாத்துறியேம்மா!" என்றார். அக்கா மெஷினை நிறுத்தி எழுந்தார். "நனைஞ்சிருக்கீங்க, மொதல்ல உள்ள வாங்கம்மா" என்று துவாயைக் கொடுத்தவர், வெட்டி வைத்திருந்த துண்டுகளை மேசையில் விரித்துக் காட்டினார். "பொய் சொல்லல்ல. ஒடம்பு தைச்சாச்சு, கைதான் மாட்டல்ல. பிந்துனது என் தப்பு. அஞ்சரை பஸ்ஸுக்கு முன்ன தந்துடுறேன்." அந்த அம்மா உடனே குளிர்ந்துவிடவில்லை, முணுமுணுத்துக்கொண்டேதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில் பிளவுஸ் அவர் கைக்கு வந்தது.

எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கான பேச்சு. முன்பு நான் போய்வந்த இன்னொரு கடையில் சிரிப்புக்குக் குறைவே இருக்காது, ஆனால் கேட்கும் போதெல்லாம் "நாளைக்கு மிஸ்" என்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்லும் பொய்யைவிடச் சிடுசிடுப்பே மேல் என்று நினைத்திருந்தேன். இங்கே இனிமையும் உண்மையும் ஒரே வாயிலிருந்து வந்தன. எனக்கும் அதை நேரில் உணர ஒரு சந்தர்ப்பம் வந்தது. கை இறுக்கமாக இருக்கிறதென்று, பலர் முன்னிலையில், தேவைக்கு மேலாகவே கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் அளவுப் புத்தகத்தைத் திருப்பினார். நான் சொல்லிக் கொடுத்த அளவுதான் அதில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அரை அங்குலம் விட்டுத் தாறேன் மிஸ், பத்து நிமிஷம் இருங்க" என்றார். அந்தப் பத்து நிமிடமும் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

எதையும் பொறுத்துக்கொள்பவர் என்று இதை வைத்து எண்ணிவிட வேண்டாம். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து ஒருவர், "தோட்டத்துல இருந்து வந்ததுங்களுக்கு இவ்வளவுதான் வரும்" என்றபோது, அக்காவின் குரல் உயரவில்லை. "என்னைய என்ன வேணும்னாலும் கேளுங்க ஐயா. அந்தப் பிள்ளைய அப்படிப் பேசாதீங்க. வேணாம்னா முற்பணத்தத் தந்துடுறேன், துணிய எடுத்துக்கங்க." அவர் துணியை எடுக்கவில்லை. அடுத்த பத்து நிமிடம் சுவரிலிருந்த நாட்காட்டியையே படித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆற்ற வேண்டியிருக்கும் கோபத்தில் பாதி, அவரே வரவழைத்துக்கொள்வது. துணியோடு படியேறி வருபவரைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். பிறகு இரவு பத்து மணிவரை மெஷின் ஓடுகிறது. ஒரு தேதிக்குப் பிறகு வேலை எடுப்பதில்லை என்று பலகை எழுதி மாட்டும்படி சொன்னேன். "எழுதலாம் மிஸ். அட்வான்ஸ் பிந்திக் கெடைச்சவங்க எங்க போவாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தீபாவளிக்குத் தைப்பதென்றால் செப்டெம்பரிலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். சரியாகப் பொருந்தும் ஒரு பழைய பிளவுஸை அளவுக்குக் கொண்டு போங்கள். என்னைப் போல வாயால் அளவு சொல்ல வேண்டாம். இப்போது இரண்டு சேலைகளை ஃபோல்ஸ் வைக்கக் கொடுத்திருக்கிறேன். துண்டில் வெள்ளிக்கிழமை என்று இருக்கிறது. நான் திங்கட்கிழமைதான் போவேன்.